காய்ச்சலும் சம்பள வெட்டும்



உடம்பு கொதிக்கும்போதும் பெரட்டுக்குப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. ஏன் என்று கேட்டால், "ஒரு நாள் நின்னா ரெண்டு நாள் சம்பளத்தை வெட்டிடுவாங்க" என்பார்கள். இந்தப் பயம் உயிருக்கே ஆபத்து. டிங்கியும், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் முதல் சில நாள் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்களில் டாக்டரிடம் போகாமல் வேலை செய்தால் நோய் முற்றிவிடும்.

ஒரு நாளுக்கு இரண்டு நாள் வெட்டுவது பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் மொரிசியஸ் கரும்புத் தோட்டங்களில் நம் இந்தியத் தொழிலாளர்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். அதற்கு 'இரட்டை வெட்டு' என்றே பெயர். இன்று மலேசியாவில் அதற்கு இடமில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1. காரணமில்லாமல் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. இது அபராதம் அல்ல. செய்யாத வேலைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி, மாதத்தில் 30 நாள் என்றால், ஒரு நாளுக்குக் குறைவது சுமார் 56 வெள்ளி 67 காசு.

2. அதற்கு மேல் தண்டனையாக வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-வது பிரிவு, சம்பளத்தில் எதையெதைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது: முன்பணம், தவறுதலாக அதிகம் கொடுத்தது, சேமநிதி, சொக்சோ போன்றவை. வராததற்கு அபராதம் அதில் இல்லை.

3. ஆனால் நிர்வாகம் முறையாக விசாரித்து, 14-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாம். இரண்டு வாரம் வரை சம்பளமில்லாமல் நிறுத்தி வைக்கலாம். வேலையை விட்டும் நீக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்காதீர்கள்.

4. டாக்டர் எம்.சி. கொடுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு வருடம் 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை. 2023 முதல் இது தனிக்கணக்கு. நாள் கூலிக்காரருக்கும் எடைக் கூலிக்காரருக்கும் இந்த உரிமை உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள். எம்.சி. வாங்கி வீட்டில் வைத்தால் போதாது. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் காரணமில்லாமல் நின்றதாகவே கணக்காகும். சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் வீட்டுக்காரரோ பிள்ளையோ ஆபீசுக்குத் தகவல் சொல்லட்டும். மண்டோரிடம் வாயால் சொன்னதோடு விடாமல், எம்.சி.யைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். அசலை ஆபீசில் கொடுத்து, நகலை வீட்டில் வையுங்கள்.

சம்பளச் சீட்டை மாதாமாதம் பாருங்கள். காரணம் புரியாத வெட்டு இருந்தால் கிராணியிடம் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் சீட்டையும் எம்.சி. நகலையும் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். தொழிலாளர் இலாகாவிலும் புகார் செய்யலாம்; வக்கீல் வேண்டியதில்லை.

காய்ச்சலா? முதலில் டாக்டர், உடனே தகவல். சம்பளத்துக்குப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.