மலையாற்றில் நீராடப் போகுமுன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கெடா மாநிலத் தோட்டங்களில் ஒரு பேச்சு எழும்: "தித்தி ஹாயூனுக்குப் போவோமா?" சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத்திலிருந்து விடியலில் வேன் பிடித்தால், பசியாறும் நேரத்திற்குள் யான் போய்ச் சேரலாம். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரம் அது. நீர் பாறைகளின் மேல் படிப்படியாக இறங்கி, ஆங்காங்கே குளம்போல் தேங்கி நிற்கும். வாரமெல்லாம் வெயிலில் உழைத்த உடலுக்கு அந்தக் குளிர்ச்சி ஒரு பேறு.

2021ஆம் ஆண்டுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் நாமும் அங்கே சென்றிருந்தோம். தோட்டத்துக் குடும்பம் ஒன்று ஆற்றின் நடுவிலிருந்த அகன்ற பாறையில் பாய் விரித்து, சோற்றுப் பானையை இறக்கி வைத்திருந்தது. இடம் அழகுதான். ஆனால் கரைக்கும் பாறைக்கும் இடையே முழங்காலளவு நீர் ஓடிற்று. "பாட்டி, கரையில் அமர்ந்தால் நல்லதல்லவா?" என்றோம். "மழையா பெய்யுது தம்பி? வெயில்தானே அடிக்குது!" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். நம்மில் பலரும் தலைக்கு மேலுள்ள வானத்தையே பார்க்கிறோம். மலையாறோ உச்சியில் பெய்த மழையைக் கொண்டுவருவது. சரிவு செங்குத்தாக இருப்பதால் அந்த மழைநீர் விரைவில் கீழே வந்துவிடும். சில வேளைகளில் சாய்ந்த மரங்களும் சருகுகளும் மேலே ஆற்றை அணைபோல் அடைத்துக்கொள்ளும். அவ்வடைப்பு உடையும்போது தேங்கிய நீர் முழுவதும் ஒரேயடியாக இறங்கும். இத்தகைய திடீர்ப் பெருக்கை மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்பது பொருள். 2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் அதே ஜெராய் மலையில் இறங்கிய பெருக்கு ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. மரத்தடிகளும் சேறும் அடிவாரத்துக் குடியிருப்புகள்வரை வந்தன.

முழங்கால் நீர் என்ன செய்துவிடும் என எண்ண வேண்டா. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால், அது நம் கால்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். நீச்சல் தெரிந்தவரையும் அது பாறையில் மோதிவிடும்.

ஆறு பல வேளைகளில் முன்னறிவிப்புத் தருவதுண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கித் தேநீர் நிறமாகும். இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். மேற்புறத்திலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேறி மேட்டை நோக்கிச் செல்ல வேண்டும். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதில் பயனில்லை. செருப்புக்காகவோ பானைக்காகவோ திரும்பக் கூடாது. கைத்தொலைபேசிக்கும் இது பொருந்தும்! அக்கரையில் சிக்கிக்கொண்டவர்கள் மேட்டிலேயே இருக்க, இக்கரையிலுள்ளோர் 999 எண்ணுக்கு அழைத்து மீட்புப் படையை வரவழைக்க வேண்டும். நீர் வடியுமுன் கடந்துவர முயலலாகாது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆற்றை அடைந்ததும் நீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைக்கச் சொல்லுங்கள். கால் மணிக்கொரு முறை அவர்கள் அதைப் பார்த்து வரட்டும். கல் மூழ்கினால் நீர் ஏறுகிறது என்று பொருள். நாம் வகுப்பில் நடத்திய எந்தப் பாடத்தையும்விட இதனை அவர்கள் விரும்பிச் செய்வதைக் கண்டிருக்கிறோம். நம் நாட்டு மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால், காலையிலேயே நீராடி நண்பகலில் கரையேறுவது நன்று. கார்முகில் மலையுச்சியை மறைத்துவிட்டால் அன்றைக்கு ஆறு வேண்டா. மலையின் தென்புறம் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகத்துக்குச் சென்று பழங்கடாரத்தின் சின்னங்களைக் காணலாம்.

அன்று பாட்டி நம்மைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேரனை அழைத்துப் பானையைக் கரைக்கு ஏற்றச் சொன்னார். அதிலிருந்த புளிச்சோறு நமக்கும் ஒரு பிடி கிடைத்தது.