அந்தாண்ட புடி!

ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி பக்கம் எழும்பும் அடுக்குமாடிகளில் கப்போர்டு வேலைக்கு ஹெல்பராகச் சேர்ந்தால், முதல் நாளே காதில் விழுவது, "தம்பி, அந்தாண்ட புடி!" எட்டுக்கு நாலு ப்ளைவுட், 18 மில்லிமீட்டர் கனம், சுமார் 30 கிலோ எடை. அறுப்பது மேஸ்திரிதானே என்று அசட்டையாக நிற்காதீர்கள். மெஷின் எகிறுவதும் எகிறாததும் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டு முனைக்கும் அடியில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துவைத்து நடுவில் அறுப்பார்கள். இதைவிட மோசமான முறை கிடையாது. அறுபட அறுபட நடுப்பகுதி தொய்யும். வெட்டின் மேல்வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அந்த நொடியில் மெஷின் அறுப்பவர் பக்கம் பாயும். ஒத்தாசை செய்வதாக நினைத்து, கடைசி அங்குலத்தில் நீங்கள் முனையைத் தூக்கினாலும் இதே கதிதான். உள்ளங்கையால் அடியில் தாங்குங்கள். ஒரு நூல் தாழ்ந்தால் போகட்டும், உயரக் கூடாது. இழுக்கவும் கூடாது.

கையை நம்புவதைவிட ரீப்பர் கட்டையை நம்பலாம். ஆணி இல்லாத, ஒரே கனமுள்ள நான்கு ரீப்பர் போதும். குறுக்கே அறுப்பதானால் வெட்டுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. உள்ளே உள்ளவை கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். அறுந்த பிறகும் இரண்டு துண்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள். நீளவாக்கில் கிழிப்பதானால் ரீப்பர்களைக் குறுக்கே பரப்புங்கள். பிளேடு பலகைக்குக் கீழே இரண்டு நூல் மட்டும் இறங்கட்டும். ரீப்பரில் கீறல் விழும், அதற்காக யாரும் அழப்போவதில்லை. இரண்டடி போனதும் மெஷினை நிறுத்தி, வெட்டில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகிவிட்டுத் தொடரச் சொல்லுங்கள். மேஸ்திரி முறைப்பார். அடுத்த பலகைக்கு அவரே ஆப்பு கேட்பார்.

எங்கே நிற்பது? பிளேடு ஓடும் கோட்டுக்கு நேராக மட்டும் வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள்.

மெஷினையும் கவனியுங்கள். ஏழு அங்குல சர்குலர் சாவில் ஸ்பிரிங் கார்டு உண்டு. பலகையை விட்டு வெளியே வந்ததும் பிளேடை மூடிவிடும். ஆனால் சைட்டில் பெரும்பாலும் ஓடுவது மர பிளேடு மாட்டிய நாலு அங்குல மார்பிள் கட்டர். நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுற்றும், அடிப்பக்கம் மூடாது. விலை குறைவு, கைக்கு அடக்கம் என்பார்கள். எனக்கு அந்த மெஷின் மேல் நம்பிக்கை இல்லை.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வேலை கிடைத்தால் நிலைமை வேறு. ஆபத்தான எந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொன்னது. பிளாட்டின் ஹாலில் அறுக்கும் உங்களை அந்தப் பிரிவு எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே 18 வயது நிரம்பியதும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள்; தச்சு வேலையும் அதில் அடக்கம்.

இன்னொன்று. விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள்; விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.