வயிறு கெட்டால் மனசும்

குன்னம்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நைட் ஷிஃப்ட் மாறியதிலிருந்து வயிறு உப்புகிறது, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாமே. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காதே. குடலையும் மூளையையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. அதில் சேதி பெரும்பாலும் வயிற்றிலிருந்துதான் மேலே போகிறது. உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் என்று வீடியோக்களில் முழங்குகிறார்கள். உண்மைதான், ஆனால் அது நேரே மூளைக்குள் நுழையாது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு மாத்திரை டப்பா வாங்காதே.

நடுராத்திரியில் பரோட்டாவும் கோலாவும் போட்டால், மைதாவும் சர்க்கரையும் சிறுகுடலிலேயே காலி. பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதுகளுக்குத் தீனி நார்ச்சத்து. நம் சின்ன வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்றொரு நார் உண்டு. நமக்குச் செரிக்காது, அதுகளுக்குச் செரிக்கும். பட்டறை போட்டுக் காப்பாற்றி ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம், வீட்டுப் பிள்ளை தட்டில் அது இல்லை!

வேலைக்குக் கிளம்பும்முன் ஆறின சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவை. காலையில் வந்ததும் லேசான புளிப்பு வாடை அடிக்கும். கையால் பிசைந்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, ரெண்டு வெங்காயம் கடித்துக் குடித்துவிட்டுத் தூங்கு. நூல் விட்டாலோ நாறினாலோ கொட்டிவிடு. குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மற்ற வேளைக்குக் கம்பு, சோளம், பயறு, கீரை என்று மாற்றிக்கொள். நார்ச்சத்தை ஒரேயடியாக ஏற்றினால் வாயு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகு. வெங்காயம் ஒத்துக்கொள்ளாத வயிறும் உண்டு. உப்புசம் கூடினால் விட்டுவிடு.

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன் என்று சாப்பாட்டை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறினார். பேச்சுத்துணை மட்டும் கிடைத்த மற்ற குழுவில் 8 சதவீதம்தான். சின்ன ஆய்வு, அதிலும் பலர் சிகிச்சையை விடாமல்தான் சாப்பாட்டை மாற்றினார்கள். அதனால் ரெண்டு வாரத்துக்கு மேலும் மனசு இப்படியே கிடந்தால் டாக்டரைப் பார். மனநல உதவி எண் 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதே.

சனிக்கிழமை பஸ்ஸில் வெங்காயம் கொடுத்தனுப்புகிறேன். கவரில் கட்டிவைத்தால் அழுகிவிடும், காற்றாடப் பரப்பிப் போடு.

அன்புடன்,
பெரியப்பா