பரணில் இருந்து இறங்கும் பாட்டி பாத்திரம்... ஈயம் பூசும் முன் இதைப் படியுங்கள்!

பழசுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. சாக்குப் பையில் கட்டிப் பரணில் போட்டிருந்த வெண்கலப் பானை, பித்தளை அண்டா, செப்புக் குடம், ஈயச் சொம்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. "நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டாச்சு டாக்டர், இனிமே பாட்டி பாத்திரம்தான்" என்று பெருமையோடு சொல்கிற தாய்மார்களை அடிக்கடி பார்க்கிறேன். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

"பாத்திரத்துக்கு ஈயம் பூசினீங்களே, எந்த ஈயம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்தப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பேர், இரண்டு உலோகம்

நாம் சாதாரணமாக 'ஈயம்' என்று சொல்வதில் இரண்டு உலோகங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். சித்த மருத்துவத்தில் இவற்றை வெள்வங்கம், கருவங்கம் என்று தனித்தனியாகப் பிரித்தே சொல்வோம். பேரில்தான் அண்ணன் தம்பி. குணத்தில் சம்பந்தமே கிடையாது.

பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். வெள்ளி மாதிரிப் பளபளக்கும். உணவோடு சேர்ந்து பெரிதாகத் தொல்லை தராது. காரீயம் அப்படி இல்லை. கார் பேட்டரியிலும் தூண்டில் குண்டிலும் இருக்கிற உலோகம் அது. உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. 'இந்த அளவு வரை உள்ளே போனால் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பிரச்சினை எங்கே வருகிறது? வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. வெள்ளீயம் உருக 232 டிகிரி சூடு வேண்டும். காரீயத்துக்கு 327 டிகிரி. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். விலையும் குறைவு, வேலையும் சுலபம். ரேடியோ, டிவி ரிப்பேருக்குக் காலங்காலமாகப் பயன்படுத்திய பற்றவைப்புக் கம்பி இந்தக் கலவைதான். அதே கலவை சமையல் பாத்திரத்தின் உள்பக்கம் ஏறினால்தான் ஆபத்து.

குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து

உணவு வழியாக ஒரே அளவு காரீயம் உள்ளே போனாலும், பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம்.

உறிஞ்சிய காரீயம் சீக்கிரம் வெளியேறாது. எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக்கணக்கில் இருக்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது இதுவும் கூடவே கிளம்பி ரத்தத்தில் கலந்து சிசுவைப் போய்ச் சேரும்.

இது சத்தமில்லாத விஷம். ரத்தசோகை, மலச்சிக்கல், அவ்வப்போது வயிற்றைப் பிசைகிற வலி, பசியின்மை, எரிச்சல், பாடத்தில் கவனம் இல்லாமை... இவையெல்லாம் வேறு எத்தனையோ காரணத்தாலும் வரும் என்பதால், பாத்திரத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் முன்கூட்டியே ஜாக்கிரதை வேண்டும்.

அப்படியானால் பூசாமலே சமைக்கலாமா?

கூடாது! செம்பும் பித்தளையும் புளிப்பு பட்டால் கரையும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி, தயிர், எலுமிச்சை, தக்காளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். அது வயிற்றில் போனால் குமட்டல், வாந்தி, பேதி. செம்பில் இருக்கிற களிம்பை ஆன்மாவைப் பிடித்த ஆணவத்துக்கே உவமை சொன்னது சைவ சித்தாந்தம். அந்த அளவுக்கு நம் முன்னோர் அதைக் கவனித்திருக்கிறார்கள். 1955-ம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே, சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் சமைத்த உணவு உண்ணத் தகுதியற்றது என்று எழுதியிருக்கிறது.

வெண்கலம் கொஞ்சம் வேறு. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பொங்கல், சாதம், பாயசம் செய்ய அருமையான பாத்திரம். ஆனால் அதிலும் புளிக்குழம்பு வைப்பது, சமைத்ததை ராத்திரி முழுக்க வைப்பது இரண்டும் வேண்டாம்.

செப்புக் குடத்தில் வெறும் தண்ணீர் பிடித்து வைப்பதற்கு ஈயம் தேவையில்லை. ஆனால் அதில் எலுமிச்சை பிழிவதோ மோர் ஊற்றுவதோ கூடாது. வில்சன் நோய் என்று செம்பு உடம்பில் தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்கள் செப்புக் குடத்துத் தண்ணீரே குடிக்கக் கூடாது.

பூசும்போது பக்கத்தில் இருங்கள்

ஒரு காலத்தில் "ஈயம் பூசறதே..." என்ற குரல் தெருவுக்குத் தெரு கேட்கும். இப்போது ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நல்ல தொழிலாளி கிடைத்தால் பேரம் பேசி விரட்டாதீர்கள். கூலியைக் குறைத்தால் பொருளில்தான் கை வைக்க வேண்டிவரும்.

வேலை நடக்கிற விதம் இதுதான். முதலில் பாத்திரத்தின் உள்பக்கம் அழுக்கு, களிம்பு, பழைய பூச்சு எல்லாம் போகத் தேய்க்க வேண்டும். பிறகு கரி நெருப்பில் காட்டிச் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவுவார். நவச்சாரம் உலோகத்தின் மேலிருக்கும் களிம்புப் படலத்தை எடுத்துவிடும். உடனே வெள்ளீயக் கட்டியை வைத்து இழுத்து, பஞ்சாலோ துணியாலோ ஓட்டி ஓட்டிப் பரப்புவார். கண்ணாடி மாதிரி வெள்ளை ஏறும்.

நீங்கள் செய்ய வேண்டியது:

* 'சுத்த வெள்ளீயம்தான் வேண்டும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். முடிந்தால் நம்பிக்கையான உலோகக் கடையில் நீங்களே ரசீதோடு வாங்கிக் கொடுங்கள்.

* கட்டியை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்திக் கோடு இழுத்துப் பாருங்கள். பென்சில் மாதிரிக் கறுத்த கோடு விழுந்தால் காரீயம் தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கோடு விழவில்லை என்பதற்காகச் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் தெரியாது. சந்தேகம் இருந்தால் உலோகச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

* நவச்சாரப் புகை கண்ணையும் மூச்சையும் கரிக்கும். வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் தள்ளி நிற்கட்டும்.

* பூசிய பாத்திரத்தை நன்றாகக் கழுவி, இரண்டு தடவை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு சமையுங்கள்.

பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள். பூச்சு உருகி ஓடிவிடும். உள்ளே புளி, சாம்பல், கம்பி நார் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். மெதுவான தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் போதும். வெள்ளைக்கு நடுவே செம்பு நிறமோ மஞ்சளோ திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்தால், மறுபடி பூசும் நாள் வந்துவிட்டது.

ஓட்டை, விரிசல், ஒட்டு

பழைய பாத்திரத்தில் பலருக்கும் தெரியாத ஆபத்து, பழைய ரிப்பேர்! தாத்தா காலத்தில் அடியில் ஓட்டை விழுந்திருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு ஒட்டு வைத்து அடைத்திருப்பார்கள். அந்த ஒட்டு பெரும்பாலும் காரீயம் கலந்ததுதான். ஆகவே உள்பக்கம், அடி மூலை, கைப்பிடி சேரும் இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உணவு படும் இடத்தில் அப்படி ஒட்டு இருந்தால் அது அடுப்புக்கு இல்லை.

வெண்கலப் பானையை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று மணி மாதிரிக் கேட்டால் நல்லது. 'தொப்' என்று சத்தம் வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். வெண்கலம் உறுதியானது, ஆனால் வளைந்து கொடுக்காது. சுடச்சுட இருக்கும் பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலே விரிசல் விடும். விரிசலை ஒட்டவைத்துச் சமைக்க ஆசைப்படாதீர்கள்.

ரசத்துக்கு ஈயச் சொம்பு

ஈயச் சொம்பு ரசத்தின் மணத்துக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது சுத்த வெள்ளீயத்தில் செய்ததாக இருக்க வேண்டும். ரசமோ புளிப்பு. சொம்பில் காரீயம் கலந்திருந்தால் அதைக் கரைத்து இழுக்கும் வேலையைப் புளியே செய்துவிடும்! பாட்டியின் சொம்பு என்பதற்காக நம்பிவிட வேண்டாம். எப்போது, யார், எதில் வார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வெள்ளீயத்தைவிடக் காரீயம் ஒன்றரை மடங்கு கனம். அளவுக்கு மீறிக் கனத்தாலோ, கையில் கறுப்பு ஒட்டினாலோ அலமாரியில் வையுங்கள். நல்ல சொம்பு என்றாலும் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றி, நுரை கட்டியதும் இறக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சங்கு, தொட்டில், ஜாடி

தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கு பல வீட்டில் இருக்கும். மூக்கு உடைந்து ஒட்டு வைத்த சங்கு என்றால் ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பச்சைக் குழந்தையின் வாயில் வைக்காதீர்கள். பழைய பெயிண்ட் அடித்த தொட்டில், நடைவண்டி விஷயத்திலும் கவனம். வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் போடப்பட்டு 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூளே விஷம். உதிர்கிற பெயிண்ட் உள்ள சாமானைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஊறுகாய் ஜாடி அதிகச் சூட்டில் சுட்ட கனமான ஜாடியாக, உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மெருகு உதிர்ந்தோ, உள்ளே வெடிப்போடிக் கறுத்தோ இருந்தால் ஊறுகாய்க்கு வேண்டாம். பளிச்சென்ற வர்ணப் பூச்சு உள்பக்கமும் உள்ள அலங்காரப் பீங்கானில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள். சிலவகை மெருகிலும் காரீயம் உண்டு.

விளக்கும் விக்கிரகமும்

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு போன்றவை பாகம் பாகமாகக் கழற்றும்படி இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை நெருப்பில் காட்டி எரிக்க வேண்டாம். வெந்நீரில் சலவை சோடா கொஞ்சம் போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பிறகு புளி போட்டுத் துலக்கி, நன்றாக அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். தண்டுக்குள் ஈரம் தங்கினால் அங்கிருந்தே பச்சை கிளம்பும். மரை தேய்ந்து விளக்கு ஆடினால் பருத்தி நூலைச் சுற்றி இறுக்கினாலே நிற்கும்.

விளக்குத் தட்டின் ஓட்டையை ஒட்டவைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த விளக்கு எண்ணெயைக் குழந்தை தலையில் தடவுவதும், அதில் மை எடுப்பதும் வேண்டாம்.

பஞ்சலோக விக்கிரகத்தில் வெளிர் பச்சைத் தூளாக உதிர்ந்தால் உப்பும் புளியும் போட்டுத் தேய்க்காதீர்கள். உப்பு அந்த நோயை வளர்க்கும். இப்படிப்பட்ட வெண்கலங்களைக் காப்பாற்றவே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஆரம்பித்தார்கள். நிபுணரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால்?

சந்தேகமான பாத்திரத்தில் பல நாள் சமைத்திருந்தால் பதற வேண்டாம். முதலில் அதை அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனை செய்யுங்கள். 5 மைக்ரோகிராமோ (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகாட்டுதல். அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரி சிகிச்சைதான் சரி. 'கஷாயம் குடித்தால் ஈயம் இறங்கிவிடும்' என்று யார் சொன்னாலும், சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கீரை, கேழ்வரகு, பால், நெல்லிக்காய் என்று இரும்பும் சுண்ணாம்பும் குறையாமல் கொடுத்து வருவது நல்ல துணை. அது சிகிச்சைக்குப் பதில் ஆகாது.

முடிவாக ஒன்று. பாட்டியின் சாமான் எல்லாமே அடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது அடுப்புக்கா, பூஜைக்கா, அலமாரிக்கா என்று முதலில் பிரியுங்கள். ஒட்டு இல்லை, விரிசல் இல்லை, பூச்சு சுத்த வெள்ளீயம் என்று உறுதியானது மட்டும் அடுப்புக்குப் போகட்டும். மற்றதைத் துலக்கி அலமாரியில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாட்டியின் ஞாபகம் அங்கேயும் பத்திரமாகவே இருக்கும்.