நிஃப்டியின் எடைக்கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வங்கி வேலையின் முதல் சம்பளத்திலேயே நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் ‘நாட்டிலேயே சிறந்த 50 கம்பெனிகள்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள். அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க நேர்மையோ திறமையோ அளவுகோல் அல்ல. சந்தை மதிப்பு எவ்வளவு, பங்கு தாராளமாகக் கைமாறுகிறதா என்பவைதான் முக்கியம். பொய்க்கணக்கு எழுதியதைச் சத்யம் தலைவரே 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டாரே, அன்றுவரை அந்தக் கம்பெனி நிஃப்டியிலும் இருந்தது, சென்செக்ஸிலும் இருந்தது.

கணக்கு இப்படித்தான். ஒவ்வொரு கம்பெனியிலும் புரமோட்டர்கள் கையில் முடங்கிய பங்குகளைக் கழித்துவிட்டு, மீதியைச் சந்தை விலையால் பெருக்குவார்கள். 50 தொகைகளையும் கூட்டி, 1995 நவம்பர் 3 அன்றைய மதிப்பை 1000 என்று வைத்து ஒப்பிடுவார்கள். ஒரு கம்பெனி போய் இன்னொன்று வரும்போது எண் துள்ளாதபடி அந்த அடிப்படையையும் திருத்திவிடுவார்கள். புரமோட்டர் பங்கைக் கழிக்கும் முறை 2009 ஜூனில்தான் வந்தது; நல்ல மாற்றம் என்பேன். 2022 மே மாதம் எல்ஐசி பட்டியலிடப்பட்டபோது அரசு விற்றது 3.5 சதவீதம்தான். நிறுவனம் மலையளவு இருந்தாலும், இந்தக் கணக்கில் அந்தச் சிறு பகுதிக்கு மேல் எடை கிடையாது.

எடைதான் எல்லாம், தம்பி. நிஃப்டி 20,000-இல் இருக்கும்போது 10 சதவீத எடையுள்ள பங்கு ஒரு சதவீதம் ஏறினால் 20 புள்ளி கூடும். அரை சதவீத எடையுள்ள பங்கு அதே அளவு ஏறினால் ஒரே ஒரு புள்ளி. நாலைந்து பெரிய கம்பெனிகள் ஏறி, பாதிக்கு மேற்பட்டவை இறங்கிய நாளிலும் ‘சந்தை ஏற்றம்’ என்றுதான் டிவியில் சொல்வார்கள். அதை நம்பி அவசரமாக எதையும் வாங்காதே, விற்காதே.

டிவிடெண்ட் இந்த எண்ணில் சேராது. அதையும் சேர்த்த டோட்டல் ரிட்டர்ன் குறியீட்டோடுதான் ஃபண்டுகள் தங்களை ஒப்பிட வேண்டும் என்று 2018-இலிருந்து செபி விதி இருக்கிறது. உன் ஃபண்டையும் அதோடு ஒப்பிட்டுப் பார்.

கடைசியாக ஒன்று. எந்தத் துறைக்கு எவ்வளவு எடை என்று என்எஸ்இ மாதாமாதம் ஒரு தாளில் வெளியிடுகிறது. நிதித்துறைதான் அதில் முதலிடம். அதிலும் வங்கிகளே அதிகம். உன் சம்பளமும் வங்கியிலிருந்து, சேமிப்பில் கணிசமான பகுதியும் வங்கிப் பங்குகளில். அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டு, எஸ்ஐபி தொகையைக் கூட்டுவதா என்று முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்