முட்டை வெண்கருவும் பதின்மூன்று மணிகளும்

முட்டையில் புரதம் உள்ளது என்று எல்லா வகுப்புகளிலும் சொல்கிறோம். அதில் எந்தெந்தப் புரதங்கள் உள்ளன, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மாணவர் கேட்டால், "அதற்கு ஒரு கருவி இருக்கிறது" என்று முடித்துவிடுகிறோம். அந்தக் கருவி நிறை நிறமாலைமானி. மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அது அளக்கிறது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் இக்கருவியில் அளக்க வழி கண்டதற்காக ஜான் ஃபென், கொயிச்சி தனாகா ஆகியோர் 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

கருவி தரும் விடை சரியாக இருக்குமா என்பது, மாதிரி அதற்குள் போவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. மாணவர் மனத்தில் பதிய வேண்டிய கருத்து இதுவே. முட்டை நகரமான நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு, வெண்கருவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

வெண்கருவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர், 10 விழுக்காடு புரதம். அப்புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விவரித்த லைசோசைம் என்னும் நொதியும் வெண்கருவில் உண்டு. இது 129 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். இதையே தொடர்ந்து பார்ப்போம்.

1. பிரித்தல்: புரதம் மடிந்து சுருண்டிருக்கும். தறி ஓடும் வெண்ணந்தூர்ப் பிள்ளைகளுக்குச் சிக்குப் பிடித்த நூல் என்றால் உடனே புரியும். செறிவான யூரியா கரைசல் இச்சுருளைப் பிரிக்கிறது. முட்டையை வேகவைக்கும்போது நிகழும் இயல்பிழத்தலும் இத்தகையதே.

2. முடிச்சை அவிழ்த்தல்: லைசோசைமில் 8 சிஸ்டீன்கள் இரண்டிரண்டாக இணைந்து 4 டைசல்பைடு பிணைப்புகளாக உள்ளன. ஓர் ஒடுக்கி இவற்றை உடைக்கிறது. மீண்டும் சேராதிருக்க, ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் அயோடோ அசிட்டமைடு கொண்டு மூடி போடுகிறார்கள். ஒரு மூடியால் நிறை 57 அலகு கூடும்.

3. வெட்டுதல்: செரிமானப் பாடத்தில் நாம் நடத்தும் டிரிப்சின்தான் இங்கே கத்தரி. லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டுக்கு அடுத்து மட்டுமே அது வெட்டும். அடுத்து புரோலின் இருந்தால் பொதுவாக வெட்டாது. யூரியாவை முதலில் நீர்க்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் டிரிப்சினும் ஒரு புரதம் என்பதால் அதுவே செயலிழக்கும். பிறகு பி.எச். 8 அளவில், 37 டிகிரி செல்சியசில், பெரும்பாலும் இரவு முழுவதும் வைக்கிறார்கள். அமிலம் சேர்த்தால் வினை நின்றுவிடும்.

4. தூய்மையாக்கல்: உப்பும் சோப்புத் தன்மையுள்ள பொருள்களும் மின்னூட்டம் ஏறுவதைக் கெடுக்கும். அவற்றை நீக்கிய பின்பே மாதிரி கருவிக்குள் செல்கிறது.

வகுப்பறைச் செயல்பாடு

லைசோசைமின் முதல் 13 அமினோ அமிலங்கள் வரிசையாக: லைசின், வாலின், ஃபினைல் அலனின், கிளைசின், ஆர்ஜினின், சிஸ்டீன், குளூட்டாமிக் அமிலம், லியூசின், அலனின், அலனின், அலனின், மெத்தியோனின், லைசின்.

லைசினுக்குச் சிவப்பு, ஆர்ஜினினுக்கு நீலம், சிஸ்டீனுக்கு மஞ்சள், மற்றவற்றுக்கு வெள்ளை என மணிகளை நூலில் கோக்கச் சொல்லலாம். சிவப்பு அல்லது நீல மணியை அடுத்து வெட்டினால் 1, 4, 8 மணிகள் கொண்ட மூன்று துண்டுகள் கிடைக்கும். தொடக்க வகுப்புக்கு இதுவே போதும்.

உயர் வகுப்பினர் நிறையைக் கணக்கிடலாம். சங்கிலியில் இருக்கும்போது இவற்றின் முழு எண் நிறைகள்: கிளைசின் 57, அலனின் 71, வாலின் 99, சிஸ்டீன் 103, லியூசின் 113, லைசின் 128, குளூட்டாமிக் அமிலம் 129, மெத்தியோனின் 131, ஃபினைல் அலனின் 147, ஆர்ஜினின் 156. நீராற்பகுப்பு நடப்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் 18 கூட்ட வேண்டும். விடை 146, 477, 835. சிஸ்டீனுக்கு மூடி போட்டிருந்தால் மூன்றாவது துண்டு 892. இந்த எண்களை மட்டும் வேறொரு குழுவிடம் கொடுத்து, துண்டுகளை அடையாளம் காணச் சொல்லுங்கள். கருவியும் கணினியும் செய்யும் வேலை இதுவே.

அந்நியத் துண்டு

அடுத்த சுற்றில், உறைக்குள் இந்த வரிசையில் இல்லாத மணித்துண்டு ஒன்றை ஆசிரியர் போட்டு வைக்கலாம். குழுவினர் "முட்டையில் புதிய புரதம்" என்று அறிவிக்கக்கூடும். உண்மை ஆய்வகத்தில் அடிக்கடி தலைகாட்டும் அந்நியப் புரதம் கெரட்டின். அது முட்டையுடையது அன்று. மாதிரியைக் கையாண்டவரின் தோல், முடி, ஆடைத் தூசி ஆகியவற்றிலிருந்து வருவது. அதனால்தான் கையுறை அணிகிறார்கள்.

பிறகு இன்னோர் உறையைத் திறக்கச் சொல்லுங்கள். அது "முட்டை சேர்க்காமல், மற்ற எல்லாப் படிகளையும் செய்த மாதிரி". அதிலும் அதே அந்நியத் துண்டு இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதை மாணவரே சொல்லிவிடுவார்கள். ஒப்பீட்டுச் சோதனை எதற்கு என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

நொதியைக் கண்ணால் காண

கொல்லிமலை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலின் நொதி உள்ளது. ஜெலட்டின் கரைசலை வெதுவெதுப்பாக ஆறவிட்டு, ஒரு குவளையில் பச்சைச் சாற்றையும் மற்றொன்றில் கொதிக்கவைத்து ஆறிய சாற்றையும் சம அளவில் கலந்து குளிரூட்டுங்கள். பச்சைச் சாறு கலந்தது உறையாது, கொதித்தது உறையும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் புரதம் அன்று என்பதால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பச்சை முட்டையைத் தொட்ட மாணவர்கள் சோப்பால் கை கழுவ வேண்டும். சோதனைப் பொருள்களை உண்ணக் கூடாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. யூரியாவை நீர்க்கச் செய்யாமல் டிரிப்சினைச் சேர்த்தால் என்ன ஆகும்?
2. லைசோசைமில் 6 லைசின், 11 ஆர்ஜினின் உள்ளன. எதற்கும் அடுத்து புரோலின் இல்லை, கடைசி அமினோ அமிலம் லியூசின். முழுமையாக வெட்டினால் எத்தனை துண்டுகள்? (விடை: 18)
3. மண் பரிசோதனைக்கு வரப்போரத்திலும் எரு குவித்த இடத்திலும் மண் எடுக்கக் கூடாது என்பது ஏன்?

மூன்றாம் வினாவுக்கு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து பதில் சொல்லட்டும். ஆய்வு முடிவு எழுதிய தாளைப் பார்த்ததும் "மாதிரி எப்படி எடுத்தார்கள்?" என்று கேட்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும்.