வீட்டுத் திரையரங்கில் ஒலி அளவு: எல்லாப் பெட்டிகளும் சமமாக நிற்க

இரவு கடையைப் பூட்டி, கல்லாக் கணக்கை முடித்து வீட்டுக்கு வந்தபின் ஒரு படம் பார்க்க நமக்கும் ஆசை இருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் அதற்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகல் ஓயாமல் இயங்கும் ஊர் இது. நாம் படம் போடும் நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒருவர் காலை ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பார். மாதம் பிறந்தால் நம் கடையில் மளிகைச் சீட்டு நீட்டுபவரும் அவராகவே இருப்பார்.

நமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். 5.1 செட் ஒன்று வாங்கினோம். முன்னால் மூன்று பெட்டி, பின்னால் இரண்டு, கனத்த ஒலிக்கு ஒரு சப்ஊஃபர். வசனம் கேட்கவில்லை என்று ரிமோட்டில் ஏற்றினால் அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கும். குறைத்தால் மறுபடி வசனம் மங்கிவிடும். இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் பருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணாச்சி, ராத்திரி படம் நல்லா இருந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதச் சீட்டு வேறு கடைக்குப் போயிற்று.

செட்டில் குறை இல்லை. பெட்டிகளின் அளவை நாம் சமன் செய்யவில்லை, அவ்வளவுதான். படத்தின் வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் வருகிறது. அது மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால், வசனத்துக்காக நாம் ஏற்றும் ஒவ்வொரு படியும் சண்டைச் சத்தத்தையும் சேர்த்தே ஏற்றும். தட்டு சமமாக நில்லாத தராசில் எத்தனை முறை நிறுத்தாலும் சரிக்கணக்கு வருமா?

சமன் செய்வது அரைமணி வேலை. முதலில் நடுப்பெட்டியை டி.வி. ஸ்டாண்டின் உள்ளறையிலிருந்து வெளியே எடுத்து, விளிம்போடு ஒட்டி, காதை நோக்கி வையுங்கள். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். செட்டின் மெனுவில் ஒவ்வொரு பெட்டியும் எத்தனை அடி தூரம் என்பதை முதலில் கொடுத்துவிட்டு, 'டெஸ்ட் டோன்' போடுங்கள். மழை இரைச்சல் போன்ற ஒலி ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வரும். ஒலி அளக்கும் கருவியைக் காது உயரத்தில் பிடித்து, 'சி' எடை, 'ஸ்லோ' என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பெட்டி 75 டெசிபல் காட்டும்வரை பொது வால்யூமை ஏற்றுங்கள். பின்பு அதைத் தொடாமல், மற்றப் பெட்டிகளை ஒவ்வொன்றின் தனி அளவிலேயே 75க்குக் கொண்டு வாருங்கள். ஒரு டெசிபல் முன்பின் இருந்தால் குற்றமில்லை.

கருவி இல்லாதவர்கள் கைப்பேசி செயலியைப் பயன்படுத்தலாம். அது காட்டும் எண் தவறாக இருக்கலாம், அதனால் பாதகமில்லை. கல் சற்றுக் குறைந்ததானாலும், இரண்டு மூட்டையையும் ஒரே கல்லில் நிறுத்தால் எது கனம் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஆனால் சப்ஊஃபருக்கு மட்டும் கைப்பேசியை நம்பாதீர்கள். அடித்தொனியைச் சிறிய மைக் சரிவர வாங்காது.

பின்பெட்டிகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "காசு கொடுத்தும் பின்னால் சத்தமே இல்லையே" என்று ஏற்றிவிடுவது! அவை எப்போதும் ஒலிக்க வேண்டியவை அல்ல. மழையோ கூட்டமோ வரும்போது பேசினால் போதும். டி.வி.யிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் இரண்டை மட்டும் இழுத்திருந்தால் தனித்தனி ஐந்து ஒலி வரவே வராது. எச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் கேபிள் வேண்டும். அந்த ஒலியைப் பிரிக்கும் வசதியும் செட்டில் இருக்க வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சப்ஊஃபர் விஷயம் வேறு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர். செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடையல்ல. அறை மூலையில் வைத்தால் அதன் ஒலி இன்னும் பெருகும். நாம் மூலையிலிருந்து இரண்டடி நகர்த்தி, அளவை மறுபடி பார்த்தோம். இரவில் 'நைட் மோட்' போட்டால் வெடிச்சத்தம் தாழ்ந்து, மெல்லிய வசனம் ஏறும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அளவு. நம் வீட்டு எல்லையில் அதற்கு மேல் 5 டெசிபல்வரைதான் கூடலாம். படத்தை ஓடவிட்டு, மீட்டரோடு மதில் ஓரம் போய் நின்று பார்த்தோம். பின்பு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர் படுக்கையறையில் கேட்கிறதா என்றும் கேட்டுக்கொண்டோம். சீட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.